மார்ஃபின் எழுதிக் கொடுத்தால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. கீமோ நடக்கிறது. இந்த நேரத்தில் டாக்டர் பாலியேட்டிவ் கேர் பிரிவுக்கு அனுப்ப, அங்கே மார்ஃபின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்களா? பழக்கமாகிவிடுமோ என்ற பயத்தில், வலி தாங்காமல் அழும்போது மட்டும் கொடுக்கிறேன்.

பதில்: கீமோ நடக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எங்கே கைவிட்டார்கள்? பாலியேட்டிவ் கேர் என்பது வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த் தணிப்புச் சிகிச்சை; புற்றுநோய் மருத்துவத்தோடு சேர்ந்தே நடப்பது. கடைசி வாரத்துக்கென்று அதை ஒதுக்கி வைப்பதுதான் தவறு. 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளில் ஆரம்பத்திலேயே இந்தக் கவனிப்பையும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. எல்லாப் புற்றுநோய்க்கும் இதே கணக்கு வராது. ஆனால் ஆயுளைக் குறைக்கும் என்ற பயத்துக்கு இடமில்லை.

அழும்போது மட்டும் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். ஏறிவிட்ட வலியை இறக்கக் கூடுதல் மருந்து தேவைப்படும், தூக்கக் கலக்கமும் அதிகமாகும். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் நீடிப்பது சுமார் 4 மணி நேரம்தான். வேளைக்கு 5 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் காலை 6, 10, பகல் 2, மாலை 6 மணிக்கு ஒவ்வொரு வேளை அளவு. இரவு 10 மணிக்குப் பெரும்பாலும் இரண்டு வேளை அளவைச் சேர்த்துக் கொடுக்கச் சொல்வார்கள், நடுராத்திரி எழுப்ப வேண்டாமே என்றுதான். இடையில் வலி கிளம்பினால் கூடுதலாக ஒரு வேளை. எத்தனை மணிக்கு என்று குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் டாக்டர் அளவை மாற்றுவார். நீங்களாக மாற்ற வேண்டாம், முக்கியமாகச் சிறுநீரகக் கோளாறு இருந்தால்: மருந்து உடம்பில் தேங்கிவிடும். மருந்தை மெதுவாக விடும் 12 மணி நேர மாத்திரை என்றால் பொடிக்கவோ உடைக்கவோ கூடாது. மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

வலிக்காக அளவோடு எடுப்பவர்கள் போதைக்கு அடிமையாவது அரிது. உடம்பு பழகும் என்பது உண்மை. அதனால் திடீரென நிறுத்தாமல் படிப்படியாகக் குறைப்பார்கள். குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாளில் அடங்கும்.

அடங்காதது மலச்சிக்கல். மார்ஃபின் குடலின் அசைவையே மந்தமாக்குவதால், முதல் நாளிலிருந்தே சென்னா போன்ற மலமிளக்கி வேண்டும். நார்ச்சத்துப் பொடியை நம்பாதீர்கள்; தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு அது உள்ளேயே இறுகும். மூன்று நாள் போகவில்லை என்றால் தெரிவியுங்கள். இதற்குப் பயந்து மார்ஃபினை நிறுத்தும் குடும்பங்களும் உண்டு.

எலும்பு வலிக்குக் கதிர்வீச்சு கொடுக்கலாமா என்றும் கேளுங்கள். பலருக்கு ஒரே தடவை 8 கிரே (கதிர்வீச்சின் அளவு) போதும். பலன் தெரியச் சில வாரம் பிடிக்கலாம்.

முதுகெலும்பில் நோய் இருப்பதால் இன்னொன்று. கால் திடீரெனத் தளர்ந்தால், மரத்தால், சிறுநீர் வராமல் நின்றால் தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருள் இருக்கலாம். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்காமல், ராத்திரியானாலும் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.