கடனைப் பாதியாக்கித் தாறம் எண்டு வாறவை: கேள்வி பதில்

(பதில் சொல்பவர் வங்கிக் கடன் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், கிளிநொச்சி)

பரந்தன் ஆசிரியை: ஐயா, கிரெடிட் காட்டில மூண்டு லட்சம் நிக்குது, வட்டி 28 வீதம். ஒரு நிறுவனம் பாதியாக்கித் தாறமாம். முற்பணம் 45,000. வங்கிக்கு இனிக் கட்டவும் வேண்டாம், அவையின்ர போனை எடுக்கவும் வேண்டாமாம். நம்பலாமோ?

முற்பணம் கேட்ட இடத்திலயே கதை முடிஞ்சுது பிள்ளை. கடனைக் குறைக்கிற அதிகாரம் கடன் தந்தவனுக்குத்தான். இடையில நிக்கிறவர் உங்களுக்காக வங்கியோட கதைப்பார், அவ்வளவுதான். அதை நீங்களே காசில்லாமச் செய்யலாம்.

கணக்கைப் பாருங்கோ. மாத வட்டி மட்டும் 7,000. ஆறு மாதம் கட்டாமல் விட்டால் 42,000, பிந்தின தண்டம் வேற. அவருக்குக் குடுத்த 45,000ஐயும் சேர்த்தால், பாதியாக வேண்டிய மூண்டு லட்சம் நாலு லட்சத்துக்குக் கிட்ட வந்து நிக்கும். போனையும் எடுக்காட்டி வங்கி வழக்குக்கு ஆயத்தப்படுத்திறதே தெரிய வராது.

சம்பளச் சிட்டையோட கிளைக்குப் போங்கோ. காட்டை நிப்பாட்டி, மிச்சத்தைத் தவணைக் கடனா மாத்தச் சொல்லி எழுத்தில குடுங்கோ. ஒரே தொகையில முடிக்கச் சம்மதிச்சால் வங்கியின்ர கடிதத் தலைப்பில தொகை, திகதி, ‘இத்தோடு கணக்கு முடிவுறும்’ எண்ட வசனம் மூண்டும் இருக்கோணும். காசு காட் கணக்குக்கு மட்டும். ஆற்றையும் சொந்தக் கணக்குக்குப் போடாதேங்கோ.

விசுவமடு: கிரிப்பில இருந்து பேரை எடுத்துத்தர 15,000 கேக்கினம்.

காசு குடுத்து எடுக்கேலாது. கிரிப் எண்டுற கடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தில அமைஞ்சது. அங்க கறுப்புப் பட்டியல் எண்டு ஒண்டும் இல்லை, வங்கிகள் அனுப்பின விபரம்தான் கிடக்கு. பிழை இருந்தால் அனுப்பின வங்கிதான் திருத்தோணும். உங்கட அறிக்கையை நீங்களே எடுக்கலாம்.

புதுக்குடியிருப்பு: 2018இல அரசாங்கம் கடன் தள்ளினதுதானே? இப்பவும் 3,000 கட்டிப் படிவம் நிரப்பினால் தள்ளுவினமாம்.

2018இல தள்ளினது உண்மை. வறட்சி பாதிச்ச 12 மாவட்டங்களில, பெண்கள் எடுத்த ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன், அதுவும் மூண்டு மாதத்துக்கு மேல நிலுவையில இருந்தது. கிரெடிட் காட் அதுக்குள்ள இல்லை. அரசாங்கத்தின்ர தள்ளுபடிக்குப் படிவம் விக்கத் தரகர் தேவையில்லை. பழைய உண்மையைக் காட்டித்தான் புதுப் பொய்யை விக்கினம்.

ஒட்டுசுட்டான்: கோவிக்காதேங்கோ அண்ணை. நான் தோட்டை அடகு வைச்சுக் கிழமைக் கிழமை கட்டினன். கட்டாத பக்கத்து வீட்டுக்குத் தள்ளுபடி. அப்ப கட்டினவள் மடைச்சியோ?

கோவம் நியாயம். கட்டினவளுக்கு ஒண்டும் கிடைக்கேல்லை. அந்தத் திட்டத்தில எனக்கும் பிடிக்காத இடம் அதுதான்.

புதுக்குடியிருப்பு: அவ கட்டினது அவவின்ர கெட்டித்தனம். நுண்கடன் குறூப்பில ஒராள் கட்டாட்டி மற்றவையை முற்றத்தில இருத்தி வைச்சவங்களைக் கேக்க ஆக்கள் இல்லை!

ஒட்டுசுட்டான்: அந்த முற்றத்தில இருந்ததே நான்தான்.

ரெண்டு பேரும் சொல்லுறது சரி. அந்த வசூல் முறை அநியாயம்தான். ஆனால் இன்னொரு தள்ளுபடி வரும் எண்டு இப்ப தவணையை நிப்பாட்டாதேங்கோ. வராட்டி வட்டியை நீங்கள்தான் சுமக்கோணும்.

மாங்குளம்: கடனைக் குறைச்சுத் தாறம் எண்டு வாட்ஸப்பில வந்தது. பதிவுக் கட்டணம் 5,000தான், கட்டலாமோ?

மேல மூண்டு பேருக்குச் சொல்லியாச்சு. கட்டாதேங்கோ.

நெடுங்கேணி: பதிவுக் கட்டணம் திருப்பித் தருவினமாம்...

கட்டாதேங்கோ!

முள்ளியவளை: காட் கடனை அடைக்க ஒருத்தர் காசு தாறார். வயல்காணியை அவற்ற பேருக்கு அறுதியா எழுதச் சொல்லுறார், காலபோகம் முடியத் திருப்பி எழுதுவாராம்.

அறுதி உறுதி எண்டால் விற்பனை. வாய்ச்சொல்லை நொத்தாரிசு எழுத மாட்டார். காட் கடனுக்கு ஈடு இல்லை, வங்கி வழக்குப் போட்டுத்தான் வரோணும். அதை அடைக்க வயலை எழுதிக் குடுக்கிறதோ? ஏற்கெனவே ஈடு வைச்சோ மீட்பு நிபந்தனையோட எழுதியோ இருந்தால் கடன் இணக்க சபை இருக்கு, 1941ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில வந்தது. சட்டத்தரணியோட போங்கோ.

வவுனியா: ரொறன்ரோவில அண்ணாவுக்கும் இப்பிடி ஒருத்தர் வந்தவர்.

அங்க சட்டப்படி கடனைக் குறைக்கிற முன்மொழிவைப் பதிய உரிமம் பெற்ற வங்குரோத்து அறங்காவலரால மட்டும்தான் ஏலும். அண்ணா முதல் அந்த உரிமத்தைப் பார்க்கட்டும்.

தருமபுரம்: ஐசிப் பிரதியும் குடுத்து, வெற்றுத்தாளில கையெழுத்தும் வைச்சிட்டன் ஐயா.

இண்டைக்கே பொலிசில முறைப்பாடு போட்டுப் பிரதியை எடுங்கோ. வங்கிக்கு எழுத்தில அறிவிச்சு, ஓடிபி ஏதும் சொல்லியிருந்தால் காட்டை முடக்கச் சொல்லுங்கோ. மத்திய வங்கியின்ர நிதி நுகர்வோர் பிரிவின்ர போன் இலக்கம் 1935. அவைக்கும் சொல்லி வையுங்கோ. கையெழுத்து வைச்ச நாள், இடம், கூட நிண்ட ஆக்கள், வந்த மோட்டச்சைக்கிள் இலக்கம் எல்லாத்தையும் மறக்க முதல் கொப்பியில எழுதுங்கோ.