வைஃபை படிப்புக்கு மூன்று வருடமா?

அக்கா, உயர்நிலை நான்கில் இருக்கும் உங்கள் மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் நெட்வொர்க் படிக்கப் போகிறேன் என்கிறான். கூரைக்குள் தலையை விட்டு வயர் இழுக்க டிப்ளமோ எதற்கு என்று நீங்கள் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

வயர் இழுப்பதும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அந்த வயர் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்ய ஒருவர் வேண்டும். டிப்ளமோ அந்த இடத்துக்குத்தான்.

உணவங்காடி நிலையத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தை நினைத்துப் பாருங்கள். உட்கார இடமில்லை, எல்லார் கையிலும் கைப்பேசி. சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை என்று புகார். விவரம் தெரியாதவர் இன்னும் நாலு ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை சிக்னலைப் பரப்பும் கருவி) மாட்டி, பவரையும் கூட்டிவிடுவார். நிலைமை மோசமாகும். வைஃபை ஓடும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில், ஒன்றோடொன்று உரசாத சேனல்கள், அதாவது தனித்தனிப் பாதைகள், 1, 6, 11 என்று மூன்றுதான். ஒரே சேனலில் ஒரு கருவி பேசும்போது பக்கத்துக் கருவி வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். பவரைக் கூட்டினால் கருவி சொல்வது தூரத்துக் கைப்பேசிக்கு எட்டும். கைப்பேசி திருப்பிச் சொல்வது கருவிக்கு எட்டாது. தெரிந்தவர் பவரைக் குறைப்பார், சில கருவிகளில் 2.4-ஐ அணைத்தே விடுவார், கூட்டத்தை 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தள்ளுவார்.

பழைய நெட்வொர்க்கைப் புதுப்பிக்கும் வேலையில் இன்னும் நுணுக்கம் உண்டு. வைஃபை 7 என்ற புதிய தலைமுறைக் கருவியின் பெட்டியில் 320 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அந்தச் சேனல் ஓடும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சிங்கப்பூர் வைஃபைக்குத் திறந்துவிட்டிருப்பது 5,925 முதல் 6,425 வரை, 500 மெகாஹெர்ட்ஸ். அப்படி அகலமான சேனல் அதில் ஒன்றுதான் அடங்கும். பத்துக் கருவி வைக்கும் அலுவலகத்தில் எல்லாம் அந்த ஒரே சேனலில் காத்துக் கிடந்தால் என்ன லாபம்? அப்புறம், புதிய கருவிக்கு மின்சாரமும் நெட்வொர்க் கேபிள் வழியாகத்தான் போகிறது. கேபிள்களை இணைக்கும் பழைய நெட்வொர்க் சுவிட்ச் 15 வாட்தான் தரும், கருவி 30 வாட் கேட்கும் என்றால் வாங்கியதில் பாதி வசதி தூங்கும். முதலாளியிடம் இதை முன்கூட்டியே சொல்லி, பட்ஜெட்டை மாற்ற வைக்கத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. அதனால் கணக்கைவிடப் பேச்சு முக்கியம் என்பேன். பல பெற்றோர் இதை நம்புவதில்லை.

சிரமங்களும் இருக்கின்றன. கடைத்தொகுதியில் கருவி மாற்றுவது பெரும்பாலும் கடை மூடிய பிறகு. உயரத்தில் ஏறும் வேலைக்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

மகனுக்கு இது ஒத்துவருமா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். வீட்டு வரைபடத்தை ஒரு தாளில் போடச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இலவச வைஃபை அனலைசர் செயலி ஒன்றோடு ஒவ்வோர் அறையாக நடந்து, அது மைனஸில் காட்டும் சிக்னல் வலிமை எண்ணைக் குறிக்கட்டும். மைனஸ் 67 பக்கம் இருந்தால் காணொளி அழைப்பு தாராளமாகப் போகும். மைனஸ் 80-க்கும் கீழே போனால் இழுபறி. புது வீவக வீடு என்றால் பாம் ஷெல்ட்டரின் கான்கிரீட் சுவருக்குப் பின்னால் எண் சடாரென்று விழும். அதைப் பார்த்துவிட்டு ரூட்டரை நகர்த்தி மறுபடி அளக்கிறானா, சலிப்பாக இருக்கிறது என்று உட்காருகிறானா என்று கவனியுங்கள். அளந்தால் அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். ஓ-லெவல் முடிவுக்கு முன்பே ஆர்வத்தைக் காட்டி விண்ணப்பிக்கும் இஏஇ திட்டத்தில், நேர்முகத்தில் பேச இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது. மதிப்பெண் கைகொடுக்காவிட்டால் ஐடிஇ (தொழில்நுட்பக் கல்விக் கழகம்) வழியாகவும் இதே துறைக்கு வரலாம். கௌரவம் பார்க்க வேண்டாம்.

சான்றிதழ் விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். டிப்ளமோ முடித்த கையோடு எழுதினால், அதில் இரண்டு ஆண்டு தேசிய சேவையிலேயே கழிந்துவிடும். சேவை முடியும் தறுவாயில் எழுதினால், வேலை தேடும்போது சான்றிதழும் புதிது, படித்ததும் நினைவில் இருக்கும்.