ஸ்டவுட் என்னும் பீர் கருப்பாக இருப்பதால் போதை அதிகமா?

இல்லை. கருப்பு நிறம் வறுத்த பார்லியால் வருகிறது. போதையின் அளவோ ஈஸ்ட் எவ்வளவு சர்க்கரையை மதுவாக மாற்றுகிறது என்பதைப் பொறுத்தது. அயர்லாந்தில் குழாயில் பிடித்துத் தரும் கின்னஸ் ஸ்டவுட்டில் மது 4.2 சதவீதம்தான், லாகர் என்னும் வெளிர் மஞ்சள் பீர் பலவற்றிலும் 5. ஆனால் 1965 முதல் மலேசியாவில் நம் சுங்கை வே ஆலையில் காய்ச்சும் போத்தல் கின்னஸ் ஸ்டவுட் அந்தக் குழாய் கின்னஸைவிடக் கடுமையானது. லேபிளைப் பாருங்கள், நிறத்தைப் பார்க்காதீர்கள்.

பீர் காய்ச்சுவது இப்படித்தான்: பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தினால் மால்ட். அதை நொறுக்கி 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால், முளைக்கும்போது உண்டான நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது: யாரும் சர்க்கரை கொட்டவில்லை, தானியமே இனிப்பாகிறது! பிறகு வடிகட்டி, கசப்புக்காக ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவோடு கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட் சேர்ப்பார்கள். ஸ்டவுட் என்றால் கொஞ்சம் பார்லியை 200 டிகிரிக்கு மேல் காப்பிக்கொட்டை போல் வறுத்துக் கலப்பார்கள்.

அந்த வறுத்த மணம்தான் ஸ்டவுட்டின் உயிர். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் ஐஸ் போடவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஐஸ் நாக்கை மரக்கவைக்கும், கரைந்து நீர்த்தும் போகும். ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் விட்டு, மட்டன் வறுவலோடு மெதுவாகக் குடித்துப் பாருங்கள். மிளகுக் காரமும் அந்தக் கசப்பும் அருமையாகச் சேரும்.

பிள்ளை பெற்றவளுக்கு ஸ்டவுட் சத்து என்று பாட்டிமார் சொல்வதை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். மது தாய்ப்பாலில் கலந்துவிடும்.