மூளைமேல் ஆசை என்றால் டாக்டர்தான் ஆக வேண்டுமா?

அம்மா, உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் உறவினர்கள்தான் பேசுகிறார்கள். மகள் நன்றாகப் படிக்கிறாள், மூளை என்றால் உயிர், அதனால் மருத்துவம்தான் என்கிறார் பெரியப்பா. மதிப்பெண் போதாவிட்டால் கடன் வாங்கியாவது சீட் வாங்கச் சொல்கிறார் மாமா. உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் கடைசியில் மகள் தன் கையால் சேர்த்திருக்கும் கேள்வியை இவர்கள் யாரும் படித்ததாகத் தெரியவில்லை: "தூண்டும் சினாப்ஸில் ஸ்கேஃபோல்டிங் புரதங்கள் சரியாக எந்த இடத்தில் இருக்கின்றன? அதை எப்படிப் பார்த்தார்கள்?"

நோயாளிகளோடு பழகப் பிடித்தவர்களுக்கானது மருத்துவம். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே தயங்குகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு ஏன் அங்கே தள்ளப் பார்க்கிறீர்கள்?

அவள் கேள்விக்கு வருகிறேன். இரண்டு நரம்பணுக்கள் செய்தி பரிமாறும் சந்திப்புதான் சினாப்ஸ். அடுத்த அணுவைக் கிளப்பிவிடுவது தூண்டும் சினாப்ஸ், அமர்த்துவது அடக்கும் சினாப்ஸ். செய்தியைப் பெறும் புரதங்கள் ஏற்பிகள். அவற்றைச் சாரம் கட்டியதுபோல் இடத்தில் நிறுத்துபவை ஸ்கேஃபோல்டிங் புரதங்கள். குளூட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருளை வெளிவிடும் நரம்பு முனைக்கு நேர் எதிரே, அதைப் பெறும் நரம்பணுவின் டென்ட்ரைட் முள், அதாவது அதன் கிளையில் முளைத்த சிறு புடைப்பு, இருக்கிறது. முள்ளின் தலையில், சவ்வின் உள்பக்கத்தை ஒட்டி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கன்னங்கரேலென்று ஒரு பட்டை தெரியும். 1950களிலேயே கண்ணில் பட்டது. பெயர் போஸ்ட்சினாப்டிக் டென்சிட்டி. தடிமன் சுமார் 30 முதல் 50 நானோமீட்டர்தான். அதற்குள்ளும் அடுக்கு உண்டு. சவ்வுக்கு மிக அருகில் பிஎஸ்டி-95 என்ற ஸ்கேஃபோல்டிங் புரதம். குளூட்டமேட்டைப் பெறும் ஏற்பிகளில் இரண்டு வகை என்எம்டிஏ, ஆம்பா. பிஎஸ்டி-95 என்எம்டிஏ ஏற்பியின் வாலை நேரடியாகப் பிடித்துக்கொள்கிறது. ஆம்பா ஏற்பியை ஸ்டார்காசின் போன்ற துணைப் புரதத்தின் வழியாக நிறுத்திவைக்கிறது. அதன் கீழே ஜிகேஏபி, இன்னும் உள்ளே ஷாங்க், ஹோமர் ஆகிய மற்ற ஸ்கேஃபோல்டிங் புரதங்கள். (அடக்கும் சினாப்ஸில் இந்தக் கூட்டம் இல்லை; அங்கே ஜெஃபைரின் என்ற வேறு புரதம்.)

எப்படிப் பார்த்தார்கள் என்பதில்தான் அவளுக்கான வேலையே இருக்கிறது. பிசினில் உறையவைத்த மூளைத் துணுக்கை வைரக் கத்தியால் 70 நானோமீட்டர் அளவுக்குச் சீவுவார்கள். இழை தண்ணீரில் மிதக்கும். மூச்சு பலமாக விட்டாலே சுருண்டுவிடும். குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றும் ஆன்டிபாடியில் நுண்ணிய தங்கத் துகளை ஒட்டி, அந்தக் கறுப்புப் புள்ளி சவ்விலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளப்பார்கள். ஒளியைக் கொண்டும் செய்யலாம். சாதாரண நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழ் எல்லாம் ஒரே மங்கல். ஹார்வர்டு ஆய்வாளர் ஷியாவ்வெய் ஜுவாங்கின் குழுவினர் 2010இல் ஸ்டார்ம் என்ற நுட்பமான ஒளி நுண்ணோக்கி முறையில் அந்த மங்கலைத் தாண்டி, சினாப்ஸுக்குள் புரதங்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று அளந்து காட்டினார்கள்.

இதனால் யாருக்கு லாபம் என்று வீட்டில் கேட்பார்கள். ஷாங்க்3 மரபணுவில் பழுது ஏற்பட்டால் ஃபீலன்-மெக்டெர்மிட் நோய்க்குறி என்ற பிறவி வளர்ச்சிக் குறைபாடு வரும். அந்தக் குழந்தைகள் பலரிடம் ஆட்டிசமும் காணப்படுகிறது. அந்தப் பட்டையில் என்ன கெட்டது என்று தெரியாமல் மருந்து தேடுவது இருட்டில் துழாவுவதுதான்.

இதற்கு "நியூரோசயின்ஸ்" என்று பெயர் போட்ட பட்டம் வேண்டாம். உயிர்வேதியியலோ இயற்பியலோ போதும், கூடவே நிரல் எழுதப் பழகட்டும். படங்களை எண்ணி அளப்பது இன்று கணினி வேலை. முனைவர் பட்டம் வரை போனால் ஆண்டுகள் இழுக்கும், பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. இதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். ஆனால் ஆய்வு நிறுவனங்களின் பொது நுண்ணோக்கி மையங்களில் மாதிரி தயாரிக்கவும் கருவி இயக்கவும் படம் பகுக்கவும் தேர்ந்த கைகள் தேவைப்படுகின்றன. இப்படி ஒரு வேலை இருப்பதே பல வீடுகளில் தெரியாது.

பணம்: கடன் வாங்கி மருத்துவ சீட் வாங்காதீர்கள். அவளுக்கு மனமில்லாத படிப்புக்கு நீங்கள் ஓய்வுக்காலம் வரை வட்டி கட்ட வேண்டாம். இந்தப் பக்கமும் அதே கண்டிப்புதான்: உதவித்தொகை தராத முனைவர் படிப்பு இடத்தைத் தொடவே கூடாது.

விடுமுறையில் சில நாள் உடனிருந்து பார்க்க அனுமதி கேட்டு, ஒரு நுண்ணோக்கி ஆய்வகத்துக்கு அவளே எழுதட்டும். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். சீவுகிற வேலை சலித்தால் படப் பகுப்பாய்வைக் காட்டச் சொல்லிக் கேட்கட்டும். இரண்டுமே ஒத்துவராவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு வழி பார்ப்போம். கடன் வாங்கிப் பெறும் மருத்துவ சீட் மட்டும் அந்த வழிகளில் ஒன்றாக இருக்காது.