பவுலிங்ல வராத முழங்கை வலி பேஸ்பால்ல ஏன் வருது?

வேளச்சேரியிலேர்ந்து ஒரு அப்பா கேட்டிருக்கார்: "பையனுக்கு 13 வயசு. ஃபாஸ்ட் பவுலரா இருந்தான், இப்ப ஸ்கூல் டீம்ல பேஸ்பால் பிட்சர், அதாவது பேட்டருக்கு பந்து எறியறவன். வேகமா எறிஞ்சா முழங்கை உள்பக்கம் வலிக்குது. ஸ்ப்ரே அடிச்சிட்டு ஆடலாமா? பவுலிங் போட்டப்ப இந்த வலியே இல்லையே?"

சார், முதல்ல எறியறத நிறுத்த சொல்லுங்க. ஸ்ப்ரே வலிய மறைக்கும், அவ்ளோதான்.

பவுலிங்ல கை கிட்டத்தட்ட நேரா சுத்தி வருது, ரூல்படி முழங்கை 15 டிகிரிக்கு மேல நிமிரவே கூடாது. பிட்சிங்ல அப்படி இல்ல, முழங்கை மடங்கி இருக்கும், உடம்பு பேட்டர் பக்கம் திரும்பிடும் ஆனா முன்னங்கை இன்னும் பின்னாடி சாஞ்சு கிடக்கும், அங்கேர்ந்து தோள் ஒரே வீச்சுல முன்னாடி சுழலும், பெரிய பிட்சர்களுக்கு அது செகண்டுக்கு 7000 டிகிரி வேகம் வரைக்கும் போகுது. கை பின்னாடிலேர்ந்து முன்னாடி திரும்பற அந்த நொடியில முழங்கை உள்பக்கம் பயங்கரமா இழுபடும், வெளிப்பக்கம் எலும்பும் எலும்பும் நசுங்கும். பெரியவங்களுக்கு இதுல உள்பக்க லிகமென்ட், அதாவது எலும்பையும் எலும்பையும் கட்டி வைக்கிற நார், கிழியும். டாமி ஜான்ங்கற பிட்சருக்கு 1974ல டாக்டர் ஃப்ராங்க் ஜோப் பண்ண ஆபரேஷன் இதுக்குத்தான். உங்க பையன் வயசுல லிகமென்ட்டை விட வீக்கானது எலும்போட வளர்ச்சித் தட்டு, குருத்தெலும்புதான் அது, முதல்ல அடி வாங்கறது பெரும்பாலும் அதான். அதனால ஆர்த்தோ டாக்டர்கிட்ட காட்டுங்க, ரெண்டு கையையும் எக்ஸ்ரே எடுத்து கம்பேர் பண்ணா நல்லா தெரியும்.

டாக்டர் ஓகே சொன்ன அப்புறம் கோச்கிட்ட இடுப்பை பாக்க சொல்லுங்க. பவுலருக்கு ரன்அப் வேகம் கொடுக்கும், பிட்சருக்கு அது கிடையாது, காலும் இடுப்பும்தான் கொடுக்கணும். முன்கால் ஊணின உடனே இடுப்பு முதல்ல திரும்பணும், நெஞ்சு அதுக்கப்புறம். ரெண்டும் ஒண்ணா திரும்பினா மொத்த வேலையும் கை தலைல விழுது, பவுலிங்லேர்ந்து வர்ற பசங்ககிட்ட கண்டிப்பா செக் பண்ண வேண்டிய விஷயம் இது.

எத்தனை எறியறான்னு எண்ணுங்க. அமெரிக்காவுல சின்ன வயசு பிட்சர்களுக்கான பிட்ச் ஸ்மார்ட்ங்கற வழிகாட்டுதல் கணக்குல 13-14 வயசுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 95, அதுலயும் 66 ஆயிட்டா 4 நாள் ரெஸ்ட். பிட்ச் பண்ண அன்னிக்கே கேட்சரா (பேட்டர் பின்னாடி உக்காந்து பந்தை பிடிச்சு திருப்பி எறியறவர்) உக்கார வைக்கவும் விடாதீங்க. ஞாயித்துக்கிழமை மெரினால கிரிக்கெட் ஆடி பவுண்டரிலேர்ந்து எறியற த்ரோவும் இதே முழங்கையைத்தான் இழுக்கும், ரெஸ்ட் நாள்ல அதுவும் வேணாம்.

கையை முழுசா நீட்ட முடியல, சுண்டுவிரல் மரத்துப்போகுதுன்னு சொன்னான்னா நாளைக்கே போய் காட்டிடுங்க சார்.