வற்றாப்பளைப் பொங்கலும் பேர்கன் சிப்பியும்

கிளிநொச்சியிலிருந்து நோர்வேயின் பேர்கனுக்கு வந்து ஆறு மாதமான ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணை, வீட்டுக்குக் கிட்டக் கடற்கரைக் கல்லெல்லாம் கறுப்புச் சிப்பி கொத்துக்கொத்தாய்க் கிடக்குது, ஒருத்தரும் எடுக்கிறதாய்த் தெரியேல்லை. எடுத்துச் சாப்பிடலாமோ? எந்த மாதம் நல்லது?"

சாப்பிடலாம் தம்பி. ஆனால் மாதம் இரண்டாவது கேள்வி. முதலாவது கேள்வியைக் கேட்காமல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

நான் முல்லைத்தீவு. நந்திக்கடலில் தொடையளவு தண்ணீரில் நின்று காலால் சேற்றைத் துழாவி மட்டி எடுத்தவன். பெருவிரலில் தட்டுப்படும்போதே மட்டியா வெறும் ஓடா என்று தெரிந்துவிடும். இரணைமடுக் குளத்து மீன் சாப்பிட்டு வளர்ந்த உங்களிடம் இருக்கிற பயம் எனக்கு இல்லாமல் போனதுதான் பிழை. இங்கே வந்த முதல் கோடையில் நண்பனும் நானும் ஒரு வாளி நிறையப் பிடுங்கி வந்து, நன்றாகக் கொதித்தால் எந்தக் கிருமியும் செத்துவிடும் என்ற நம்பிக்கையில் உறைப்பாக ஒரு சட்டி கறி வைத்தோம். இரவு முழுக்க இரண்டு பேருக்கு ஒரு கக்கூஸ். மிச்சத்தை நீங்களே யோசியுங்கள்.

பிறகுதான் விளங்கியது, அது கிருமியின் வேலையில்லை. சிப்பி ஒரு மணித்தியாலத்துக்குள் லீட்டர் கணக்கில் கடல்நீரை வடித்து அதிலுள்ள நுண்பாசியைத் தின்கிறது. சில பாசிகளில் நஞ்சு உண்டு, அது சிப்பிக்கு ஒன்றும் செய்யாது, சதையில் சேர்ந்து கிடக்கும், அவித்தாலும் பொரித்தாலும் போகாது. எங்களுக்கு வந்தது வயிற்றோட்டத்தோடு போகிற வகை. இன்னொன்று நரம்பைப் பிடிக்கிறது: உதடும் விரல் நுனியும் விறைக்கத் தொடங்கும், முற்றினால் மூச்சே நின்றுவிடலாம். விறைப்புத் தெரிந்தால் விடியட்டும் என்று படுக்காமல் 113 என்ற அவசர மருத்துவ எண்ணுக்கு அடியுங்கள்.

ஆகவே முதலில் பார்க்கவேண்டியது மாட்டில்சீனே என்ற உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை போடும் 'புளோஷெல்வார்செல்' அறிவிப்பை. புளோஷெல் என்றால் நீல ஓடு, உங்கள் கறுப்புச் சிப்பிக்கு இவர்கள் வைத்த பெயர். கரையோரத்தில் இடம் இடமாகச் சிப்பி எடுத்துச் சோதித்து, எங்கே சாப்பிடலாம் எங்கே வேண்டாம் என்று சொல்வார்கள். அது அந்த இடத்துக்கு மட்டும்தான், பக்கத்துக் குடாவுக்குப் பொருந்தாது. போன கிழமை பார்த்ததை நம்பி இந்தக் கிழமை போகவும் கூடாது.

சரி, மாதம். நோர்வேஜிய மொழிப் பெயரில் 'ர்' (r) எழுத்து வருகிற மாதங்களில் சாப்பிடு என்று இங்கே கிழவர்கள் சொல்வார்கள். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் நாலிலும் அந்த எழுத்து இல்லை. நான் இதை எங்கள் கணக்கில் வைத்திருக்கிறேன்: முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசிப் பொங்கல் வந்தால் வாளியைக் கவிழ்த்துவை, ஆவணி போகும்வரை தொடாதே. (மனைவி இதைச் சிப்பி விரதம் என்பாள்.) இதில் பாதி நியாயம் உண்டு. வசந்தத்தில் முட்டை விட்டபின் சிப்பி மெலிந்து, ஓடு பெரிதாக இருந்தாலும் உள்ளே தண்ணியாய்க் கிடக்கும். ஆனால் 'ர்' இருக்கிற ஏப்ரலிலும் நரம்பு நஞ்சு வரும், செப்டெம்பர் ஒக்டோபரில் வயிற்றோட்ட நஞ்சும் வரும், அதனால் அந்த எழுத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். என்னைக் கேட்டால் மார்கழியிலிருந்து மாசி வரை. சதை செம்மஞ்சளாய் ஓடு முட்ட இருக்கும். கை விறைக்கும், கையுறை போடுங்கள்.

துறைமுகம், படகு கட்டுமிடம், கழிவுநீர்க் குழாய்ப் பக்கம் வேண்டாம். கடல் வற்றும் நேரம் போய், சுண்டுவிரல் நீளத்துக்குக் குறையாததாய் எடுங்கள். வீட்டில் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டால் செத்துவிடும். ஈரத்துணி மூடிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். சமைக்கமுன் ஓட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நாரைப் பிடுங்கி, வாய் திறந்திருப்பதைத் தட்டிப் பாருங்கள், மூடாவிட்டால் குப்பை. அவிந்த பிறகும் திறக்காததும் குப்பை.

இங்கத்தையவர்கள் வெள்ளை வைனும் கிறீமும் விடுவார்கள். நான் சொதி வைப்பேன். வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள் போட்டு வதக்கி, சிப்பியைக் கொட்டி மூடினால் ஐந்து நிமிடத்தில் வாய் திறந்து தன் தண்ணீரை விடும், அதற்குள் தேங்காய்ப்பால். உப்புப் போட்டுவிடாதீர்கள், கடல் ஏற்கெனவே போட்டிருக்கும். தேசிக்காய் இறக்கியபின். இடியப்பம் அவிக்கப் பஞ்சியென்றால் பாணும் பரவாயில்லை.

உங்கள் கரைக்கு இந்தக் கிழமை 'வேண்டாம்' என்று இருந்தால் கடையில் வலைப்பையில் விற்பதை வாங்குங்கள். அது சோதித்து வருவது, கோடையிலும் சாப்பிடலாம்.