மூக்கு சில்லென்று இருந்தால் காய்ச்சல் இல்லையா?

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் சுற்றித் திரியும் எங்கள் நாய் இரண்டு நாள்களாக உண்ணாமல் சுருண்டு படுத்திருக்கிறது. காது மடலுக்குள் உண்ணிகள் தெரிகின்றன. மூக்கு சில்லென்று இருப்பதால் காய்ச்சல் இல்லை என்று கருதலாமா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: கோத்தகிரிக் குளிரில் மூக்கைத் தொட்டுக் காய்ச்சலைக் கணிக்க இயலாது, சமவெளியிலும் அது நம்பத்தக்க சோதனை அன்று. ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. 103-ஐத் தாண்டினால் காய்ச்சல் என்றே கொள்ளலாம். அடுத்து, உதட்டைத் தூக்கி ஈற்றை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்பாவிட்டாலோ, ஈறு முழுவதுமே வெளிறியிருந்தாலோ, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, உண்ணி வழியே பரவும் பபீசியா போன்ற கிருமி சிவப்பணுக்களை அழிக்கிறதோ என்று ஐயுற்று, அன்றே ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இவை எதுவும் தென்படாவிட்டாலும், இரண்டு நாள் பட்டினி ஒன்றே கால்நடை மருத்துவரைப் பார்க்கப் போதுமான காரணம். உண்ணியைச் சாமணத்தால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள், மண்ணெண்ணெய் வேண்டாம். வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலையும் கொடுத்துவிடாதீர்கள். அது நாயின் கல்லீரலைக் கெடுக்கக்கூடும்.